இடிஞ்ச கோபுரம் ஒண்ணு பெயின்ட் பண்ணி டேபிள்ல இறக்குறது எப்படி

பேன்டஸி வார்கேம் (டேபிள்ல குட்டி பொம்மை வீரர்களை நகர்த்தி ஆடுற கற்பனைப் போர் விளையாட்டு) ஆடுற நம்மாளுங்க ஒரு வீரனோட பெல்ட் பக்கிளுக்கு மூணு மணி நேரம் செலவு பண்ணுவாங்க, ஆனா டேபிள்ல பார்த்தா ரெண்டு புத்தகமும் ஒரு ஷூ டப்பாவும்தான் மலைன்னு நிக்கும். டெர்ரெய்ன், அதாவது டேபிள்ல வைக்கற கோபுரம், மலை, காடு மாதிரி செட், பெயின்ட் பண்றது மினியேச்சரை (அந்த வீரன் பொம்மையை) விட எவ்வளவோ ஈஸி, மூணடி தள்ளி நின்னு பார்த்தா நல்லா இருக்கணும், அவ்ளோதான் கணக்கு.

பெயின்ட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. 25 மிமீ, 32 மிமீ பேஸ் (காலுக்குக் கீழ இருக்கற தட்டு) உள்ள மினியை எடுத்து கோபுரத்தோட ஒவ்வொரு தளத்துலயும் நிக்க வச்சுப் பாருங்க. நிக்கலன்னா இப்பவே தட்டையா வெட்டிருங்க. நான் முதல்ல செஞ்ச கோபுரம் பார்க்க அட்டகாசமா இருந்துச்சு, ஆனா தளம் லேசா சரிவு, ஒவ்வொரு டர்ன்லயும் வில்லாளி உருண்டு கீழ விழுந்தான்.

ஃபோம்ல செஞ்சதா இருந்தா கல்லு மாதிரி சொரசொரப்பு வர அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி அழுத்தி உருட்டுங்க. அதுக்கப்புறம் நேரா ஸ்ப்ரே பிரைமர் (பெயின்ட் பிடிக்கறதுக்கு முதல்ல அடிக்கற பூச்சு) அடிச்சிராதீங்க, அதுல இருக்கற சால்வென்ட் ஃபோமைக் கரைச்சு ஓட்டை ஓட்டையா ஆக்கிரும். வெள்ளைப் பசையில கருப்பு அக்ரிலிக் கலந்து பிரஷ்ஷால ரெண்டு கோட், முழுசா மூடுற மாதிரி, நடுவுல நல்லா காயவிட்டு. பிளாஸ்டிக் கிட், த்ரீடி பிரிண்ட்னா இந்தப் பிரச்சனை இல்ல, பிரைமர் தாராளமா அடிக்கலாம்.

அடுத்து பேஸ் கலர். வெறும் கருப்பு வெள்ளை கலந்த கிரே போட்டா சிமென்ட் கட்டடம் மாதிரிதான் இருக்கும், அதனால கொஞ்சம் பிரவுன் சேருங்க. அங்கங்க சில கல்லுக்கு மட்டும் மங்கின பச்சை, காவி, நீலம்னு ஸ்பாஞ்ச்ல ஒத்தி விடுங்க, இப்போ அசிங்கமாத்தான் தெரியும், பயப்படாதீங்க. காஞ்சதும் வாஷ்: டார்க் பிரவுன் பெயின்ட்ல நாலஞ்சு பங்கு தண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், அப்பதான் இடுக்குல எல்லாம் ஓடிப் போய் உக்காரும். ஒரே இடத்துல குளமா தேங்கினா பிரஷ்ஷால உறிஞ்சி எடுத்துருங்க, இல்லன்னா காஞ்சப்புறம் வட்ட வட்டமா கறை நிக்கும்.

இப்போதான் ட்ரை பிரஷ், எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம். பெரிய மெத்துன்னு இருக்கற பழைய மேக்கப் பிரஷ் போதும், பெயின்ட்டைத் தொட்டு பேப்பர்ல துடைச்சு துடைச்சு கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லாத நிலைக்குக் கொண்டு வந்து மேல இருந்து கீழ லேசா தடவுங்க. முதல் ரவுண்டு வெளிர் கிரே, ரெண்டாவது எலும்பு நிறம், அது மேல் விளிம்புக்கு மட்டும். சிலர் வாஷைக் கடைசியில போடுவாங்க, எனக்கு அது ஒத்து வரல, விளிம்பெல்லாம் திரும்ப மங்கிருது.

ஒண்ணு மட்டும் கெட்டியா பிடிச்சுக்கோங்க, டெர்ரெய்ன் உங்க மினியை விட மங்கலா இருக்கணும். சிவப்பு அங்கி போட்ட மந்திரவாதி நிக்கும்போது கண்ணு அவன் மேல போகணுமே தவிர பின்னாடி சுவர் மேல இல்ல. மாயாஜால வெளிச்சம் வேணும்னா ஒரே ஒரு கல்வெட்டுக்கோ கிரிஸ்டலுக்கோ வச்சுக்கோங்க: முதல்ல வெள்ளை, மேல தண்ணியா பளிச்னு பச்சை, சுத்தி அதே பச்சையில லேசா ட்ரை பிரஷ். கீழ ஈரம் தங்கற மூலைகள்ல பசை தடவி ஃப்ளாக் (புல், பாசி மாதிரி தெரியற பச்சைத் தூள்) தூவுனா பாசி ரெடி. கடைசியா மேட் வார்னிஷ் (பளபளப்பு இல்லாத பாதுகாப்புப் பூச்சு), ஆட்டத்துல கை பட்டு பட்டு விளிம்புதான் முதல்ல உரியும். காத்துல ஈரப்பதம் ஜாஸ்தியா இருக்கற நாள்ல ஸ்ப்ரே வார்னிஷ் அடிச்சா வெள்ளையா பூத்துரும், அன்னைக்கு விட்ருங்க.

காட்டுக்கு மட்டும் வேற மாதிரி. தட்டையான அட்டையில மரங்களை ஒட்டாம தனியா எடுக்கற மாதிரி வைங்க, உள்ள படையை நகர்த்தும்போது தூக்கி வச்சுக்கலாம். அட்டையோட ஓரத்துக்கு டேபிள் நிறத்தை விட ஒரு ஷேடு டார்க்கா கொடுத்துட்டா 'என் ஆள் காட்டுக்குள்ள இருக்கான், இல்ல வெளிய இருக்கான்'ங்கற சண்டையே வராது.

டேபிள்ல வைக்கும்போது கால்வாசி இடம் நிரம்புனா பொதுவா சரியா இருக்கும், பத்து பேர் மோதுற ஸ்கர்மிஷ்னா இன்னும் நெருக்கமா, அணி அணியா டிரேல நகர்ற பெரிய படைன்னா கொஞ்சம் விட்டு விட்டு. எது மறைப்பு, எதுல வேகம் குறையும், எதுல ஏறலாம்னு ஆட்டத்துக்கு முன்னாடியே எதிராளிகிட்ட பேசிருங்க. அப்புறம் குனிஞ்சு மினியோட கண்ணு மட்டத்துல இருந்து பாருங்க, இந்த ஓரத்துல நிக்கறவனுக்கு அந்த ஓரம் வரைக்கும் எல்லாம் தெரிஞ்சா நம்ம கோபுரத்தைத் தூக்கி நடுவுல வைங்க.