பைதன் பாதுகாப்புச் சோதனைக் கருவிகளை முதன்முறை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் படித்து வெளியேறும் இளைஞர்கள், தங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்கோ கமக்காரர் அமைப்புக்கோ தெரிந்தவர் ஒருவரின் கடைக்கோ பைதனில் சிறிய நிரல் ஒன்றை எழுதிக் கொடுப்பதுண்டு. அங்கத்தவர் பட்டியல், நெல் கொள்வனவு விபரம், உர விநியோகப் பதிவு என்று வேலை சிறியதாகவே இருக்கும். ஆனால் அந்தச் சிறிய நிரலுக்குப் பின்னால் உள்ள தரவுத்தளத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் தேசிய அடையாள அட்டை இலக்கமும், வங்கிக் கணக்கு இலக்கமும், காணியின் பரப்பளவும் கிடக்கின்றன. பல தடவை இடம்பெயர்ந்து, ஆவணங்களைத் தொலைத்து, திரும்பவும் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்த மக்களின் விபரங்கள் அவை. அவற்றைக் காப்பது நிரல் எழுதுபவரின் கடமை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுவே.

இந்த வேலைக்குப் பணச் செலவில்லாத இரண்டு கருவிகளே தொடக்கத்துக்குப் போதும் என்பது என் கருத்து. ஒன்று பாண்டிட் (Bandit), மற்றது பிப்-ஓடிட் (pip-audit). பாண்டிட் உங்கள் நிரலை இயக்காமல், அதன் வாக்கிய அமைப்பை மட்டும் பகுத்து வாசித்து, நிரலுக்குள் எழுதிவைத்த கடவுச்சொல், சரங்களை ஒட்டிச் செய்யப்பட்ட எஸ்கியூஎல் வினவல், சான்றிதழைச் சரிபார்க்காத இணைய அழைப்பு, பிக்கிள் (பைதன் தன் தரவைச் சேமிக்கும் ஒரு வடிவம்) கோப்பை நம்பித் திறப்பது போன்றவற்றைச் சுட்டிக்காட்டும். பிப்-ஓடிட் உங்கள் நிரலின் ஒரு வரியைக்கூட வாசிப்பதில்லை. நீங்கள் நிறுவியிருக்கும் பொதிகளின் (பிறர் எழுதிப் பகிர்ந்த ஆயத்த நிரல் தொகுப்புகளின்) பெயரையும் பதிப்பையும், ஏற்கெனவே அறியப்பட்ட பலவீனங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அதன் வேலை. ஒன்றை நிறுவிவிட்டு மற்றதன் வேலையும் நடந்துவிட்டதாக நினைப்பது தொடக்கத்திலேயே நேரும் தவறு.

அதைவிடப் பெரிய ஆபத்து, கருவி எதையும் பார்க்காமலே ‘குறை எதுவும் இல்லை’ என்று சொல்லிவிடுவதில் இருக்கிறது. பாண்டிட்டுக்கு ஒரு கோப்புறையின் பெயரை மட்டும் கொடுத்து, உள்ளே இறங்கித் தேடும்படி சொல்லும் சிறிய ‘ஆர்’ தெரிவை (-r) கொடுக்காமல் விட்டால், அது அந்தக் கோப்புறையைத் தவிர்த்துவிடும். தவிர்த்ததற்கான எச்சரிக்கை ஒரு வரியாக மேலே வரும்; அதற்குக் கீழே சிக்கல் எதுவும் கண்டறியப்படவில்லை என்ற வாசகம் வரும். கண் அந்த வாசகத்திலேயே போய் நிற்கிறது. குளக்கட்டைப் பார்த்துவர அனுப்பிய ஆள் வீதியிலேயே திரும்பி வந்து ‘உடைப்பில்லை’ என்று சொன்ன கதைதான் இது. அறிக்கையின் அடிப்பகுதியில் வாசிக்கப்பட்ட மொத்த வரிகளின் எண்ணிக்கை அச்சாகும். அங்கே 0 என்று இருந்தால் அந்த அறிக்கைக்குப் பெறுமதியே இல்லை. முடிவை வாசிக்குமுன் அந்த எண்ணிக்கையை வாசிக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்த வரிகளில், தவிர்க்கப்பட்ட கோப்புகளின் பட்டியலும் இருக்கும். பாண்டிட் எந்தப் பைதன் பதிப்பில் நிறுவப்பட்டதோ அந்தப் பதிப்பின் இலக்கணத்தைக் கொண்டே உங்கள் நிரலை வாசிக்கிறது. பைதன் 3.10இல் அறிமுகமான ‘மேட்ச்’ வாக்கியத்தைப் பயன்படுத்தி வீட்டு மடிக்கணினியில் எழுதிய கோப்பை, 3.8 மட்டுமே உள்ள பழைய ஆய்வுகூடக் கணினியில் சோதித்தால், பாண்டிட் அதை இலக்கணப் பிழையுள்ள கோப்பு என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஒதுக்கப்பட்ட அந்தக் கோப்பிலேயே தரவுத்தளத்தின் கடவுச்சொல் இருக்கக்கூடும். நிரல் ஓடும் பதிப்பும் பாண்டிட் ஓடும் பதிப்பும் ஒன்றாக இருக்கவேண்டும்.

கருவி உண்மையாகவே வேலை செய்கிறதா என்று அறிய நம்பகமான வழி ஒன்று உண்டு. வேண்டுமென்றே குறையுள்ள ஒரு கோப்பை எழுதி, அதைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பயனரிடம் ஒரு கோப்பின் பெயரை வாங்கி, அதை ஒரு கட்டளையோடு ஒட்டி, ‘ஷெல்’ என்பதை ‘ட்ரூ’ என வைத்து (shell=True), வேறு நிரல்களை இயக்கும் பைதன் கூறான சப்புரொசெஸ் (subprocess) மூலம் இயக்கும் நான்கு வரிகள் போதும். பாண்டிட் இதை பி602 என்ற இலக்கத்தோடு உயர்ந்த தீவிரமுடைய குறையாகக் காட்டவேண்டும். இங்கே கவனிக்கவேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது: கட்டளை மாறாத சரமாக மேற்கோளுக்குள்ளேயே முழுதாக எழுதப்பட்டிருந்தால், அதே பி602 குறைந்த தீவிரத்தோடுதான் வரும். எனவே சோதனைக் கோப்பில் பயனரின் உள்ளீடு கட்டளைக்குள் ஒட்டப்பட்டிருப்பது அவசியம். இந்தக் கோப்பைச் செயற்றிட்டக் கோப்புறைக்குள் தற்காலிகமாக வைத்து முழுச் சோதனையையும் ஓட்டி, குறை அறிக்கையில் வருவதைக் கண்ணால் கண்ட பிறகு நீக்கிவிடுங்கள்.

நிறுவும் இடத்தைப் பற்றிப் பார்ப்போம். உபுண்டு 23.04 முதலும் டெபியன் 12 முதலும், இயங்குதளத்துக்குச் சொந்தமான பைதனுக்குள், பொதிகளை நிறுவும் கருவியான பிப் மூலம் நேரடியாகப் பொதியை நிறுவ முயன்றால், இந்தச் சூழல் வெளியிலிருந்து பராமரிக்கப்படுகிறது என்ற மறுப்பு வரும். அந்த மறுப்புச் செய்தியிலேயே அதை மீறுவதற்கான தெரிவும் குறிப்பிடப்பட்டிருப்பதால், பலர் அதை அப்படியே பிரதிசெய்து ஒட்டிவிடுகிறார்கள். அந்தத் தெரிவின் பெயரே இயங்குதளப் பொதிகளை உடைப்பேன் என்று சொல்கிறது; அதை நம்புங்கள். உபுண்டுவின் தன் கருவிகள் பல அந்தப் பைதனிலேயே தங்கியிருக்கின்றன. நிர்வாக அதிகாரத்தோடு பிப்பை ஓட்டுவது இன்னும் மோசமானது, ஏனெனில் சில பொதிகள் நிறுவப்படும்போதே தம் நிரலை இயக்குகின்றன, அந்த நிரல் அப்போது உங்கள் கணினியின் முழு அதிகாரத்தையும் பெற்றுவிடுகிறது. மெய்நிகர்ச் சூழல் (செயற்றிட்டத்துக்கென்று தனியாகப் பிரித்து வைக்கும் பைதன்) ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுவதே முறை. உபுண்டுவில் அதற்கான பொதி சில வேளைகளில் தனியாக, இயங்குதளத்தின் நிறுவியான ஆப்ட் மூலம் நிறுவப்படவேண்டியிருக்கும்.

விண்டோஸில் இடர் வேறு மாதிரி வரும். மெய்நிகர்ச் சூழலைச் செயற்படுத்தும்போது பவர்ஷெல் அதைத் தடுக்கிறது. உடனே யாரோ சொன்னபடி முழுக் கணினிக்கும் எல்லா ஸ்கிரிப்டுகளையும் அனுமதித்துவிடுகிறார்கள். பாதுகாப்புக் கருவியை நிறுவுவதற்காகக் கணினியின் பாதுகாப்பைத் தளர்த்துவது வேண்டாத வேலை. பழைய கட்டளைச் சாளரத்தில் அதே சூழலைத் தடையின்றிச் செயற்படுத்தலாம். செயற்படுத்தாமலே சூழலின் கோப்புறைக்குள் இருக்கும் பைதனை முழுப் பாதையோடு அழைத்தாலும் வேலை நடக்கும்.

அந்த மெய்நிகர்ச் சூழலைச் செயற்றிட்டக் கோப்புறைக்குள்ளேயே வைத்திருந்தால் பாண்டிட் அதையும் வாசிக்கத் தொடங்கும். உங்கள் நிரல் ஐந்நூறு வரி என்றால், சூழலுக்குள் கிடக்கும் பிறருடைய பொதிகள் இலட்சக்கணக்கான வரிகளாக இருக்கலாம். குறைகள் மழைபோல் கொட்டுவதைக் கண்டு சோர்ந்து, உயர்ந்த தீவிரமுள்ளவற்றை மட்டும் காட்டு என்று சுருக்கிக்கொள்பவர்கள், தங்கள் நிரலிலேயே இருக்கும் நடுத்தரக் குறைகளை இழந்துவிடுகிறார்கள். யாமல் (YAML, அமைவுகளை எழுதப் பயன்படும் வடிவம்) கோப்பைப் பாதுகாப்பற்ற முறையில் திறப்பது நடுத்தரத் தீவிரம்தான். நிரலுக்குள் எழுதிய கடவுச்சொல்லோ குறைந்த தீவிரத்தில் வருகிறது. சூழலைச் செயற்றிட்டத்துக்கு வெளியே வைப்பது எளிய தீர்வு. முடியாவிட்டால், கருவி எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லும் அமைவுக் கோப்பில் அதை விலக்கவேண்டும்.

அமைவுக் கோப்பில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இன்றைய பைதன் கருவிகள் பல ‘பைபுரொஜெக்ட்.டொமெல்’ (pyproject.toml) என்ற கோப்பைத் தாமாகவே தேடி எடுத்துக்கொள்வதால், பாண்டிட்டும் அப்படியே செய்யும் என்று எண்ணிவிடுகிறோம். அது செய்யாது. ‘சி’ தெரிவை (-c) கொடுத்து, அந்தக் கோப்பின் பெயரையும் ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டும், பைதன் 3.11க்கு முந்திய பதிப்பு என்றால் டொமெல் ஆதரவையும் சேர்த்து நிறுவியிருக்கவேண்டும். மறுபுறம், புள்ளியில் தொடங்கும் ‘.பாண்டிட்’ என்ற கோப்பு ஐஎன்ஐ (INI) வடிவில் செயற்றிட்டத்துக்குள் இருந்தால், ‘ஆர்’ தெரிவோடு ஓட்டும்போது அது சொல்லாமலே எடுத்துக்கொள்ளப்படும். வேறொருவரின் நிரல் களஞ்சியத்தைப் பிரதிசெய்து வேலையைத் தொடங்கியவரின் கோப்புறையில் அப்படியொரு கோப்பு மறைந்திருந்தால், அவர் அறியாமலே பல சோதனைகள் முடக்கப்பட்டிருக்கும். மறைந்த கோப்புகளையும் காட்டும்படி வைத்து ஒருதடவை பார்த்துவிடுங்கள்.

இணையத்திலிருந்து எடுத்த விலக்குப் பட்டியலை ஒட்டிவிடுவதும் இதே வகைதான். நிபந்தனை உண்மையா என்று சரிபார்க்கும் ‘அசேர்ட்’ வாக்கியங்களைச் சுட்டும் பி101 அநேகமான பட்டியல்களில் விலக்கப்பட்டிருக்கும். சோதனைக் கோப்புகளுக்கு அது நியாயம். ஆனால் ‘இந்தப் பயனர் நிர்வாகியா’ என்ற சரிபார்ப்பை யாரேனும் அசேர்ட்டாக எழுதியிருந்தால், பைதனை உகப்பாக்கத் தெரிவோடு ஓட்டும்போது அந்த வரி முழுவதும் நீக்கப்பட்டு, சரிபார்ப்பே நடக்காமல் போகும். ஒரு வரியை விலக்கவேண்டுமென்றால் அந்த வரியின் அருகே ‘நோசெக்’ (# nosec) குறிப்பை இட்டு, எந்தச் சோதனை இலக்கத்துக்காக என்பதையும் எழுதுங்கள். இலக்கமில்லாத குறிப்பு அந்த வரியில் எல்லாச் சோதனைகளையும் நிறுத்திவிடும்.

பிப்-ஓடிட்டில் நேரும் தவறு, எந்தச் சூழலைச் சோதிக்கிறோம் என்று பார்க்காமல் விடுவது. எதுவும் சொல்லாமல் ஓட்டினால், தான் நிறுவப்பட்ட பைதனில் இருக்கும் பொதிகளையே அது சரிபார்க்கும். தனியாக ஓரிடத்தில் அதை நிறுவிவிட்டு, செயற்றிட்டக் கோப்புறைக்குள் நின்று ஓட்டுபவர், செயற்றிட்டத்தின் பொதிகளுக்குப் பதிலாகக் கருவியின் பொதிகளையே சோதித்துத் திருப்தியடைகிறார். செயற்றிட்டத்தின் மெய்நிகர்ச் சூழலுக்குள்ளேயே அதை நிறுவலாம், அல்லது செயற்றிட்டத்துக்கு வேண்டிய பொதிகளைக் கூறும் தேவைப்பட்டியல் கோப்பைக் காட்டிக் கொடுக்கலாம். பிந்தையதற்கு ஓர் எச்சரிக்கை: பட்டியலைச் சோதிப்பது வெறும் வாசிப்பு அல்ல, பொதிகளைத் தீர்மானிக்க அது பிப்பை இயக்குகிறது. முன்பின் தெரியாதவர் அனுப்பிய பட்டியலைச் சோதிப்பது, அதை நிறுவுவதற்குச் சமமான ஆபத்து.

இணைய வேகமும் தரவுச் செலவும் வன்னியில் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ ஓர் ஆய்வுகூடத்தின் எல்லாக் கணினிகளிலும் தனித்தனியே பதிவிறக்குவதைவிட, ஒரு கணினியில் பிப்பின் பதிவிறக்கக் கட்டளையால் எல்லாப் பொதிகளையும் ஒரு கோப்புறையில் எடுத்து, பென்ட்ரைவில் கொண்டுபோய், இணையத்தில் உள்ள பொதிக் களஞ்சியத்தைத் தேடாமல் இந்தக் கோப்புறையிலிருந்து நிறுவு என்று சொல்வது நல்ல வழி. விண்டோஸில் எடுத்ததை உபுண்டுவில் நிறுவ முற்படும்போது அது உடைந்துபோகும். பாண்டிட் தங்கியிருக்கும் பைவைஎம்எல் என்ற பொதி ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் பைதன் பதிப்புக்கும் தனித்தனியாகத் தொகுக்கப்பட்டது. நிறுவப்போகும் கணினியின் இயங்குதளத்திலும் பதிப்பிலும் நின்றே பதிவிறக்குங்கள்.

பழைய கணினிகளில் இன்னொரு பொறி உண்டு. தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் செயலிழந்திருந்தால், மின்சாரம் நின்று வந்ததும் திகதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அப்போது பிப், சான்றிதழ் செல்லுபடியாகவில்லை என்று மறுக்கும். உடனே கிடைக்கும் ஆலோசனை, களஞ்சியத்தை நம்பு என்று சொல்லும் தெரிவைச் சேர்த்து மறுப்பைத் தாண்டிவிடுங்கள் என்பதாகவே இருக்கும். அப்படிச் செய்தால், வழியில் யார் எதை மாற்றி அனுப்பினாலும் கணினி ஏற்றுக்கொள்ளும். முதலில் திகதியைப் பாருங்கள். மின்கலத்தின் விலை மிகச் சொற்பம்.

பெயரையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ‘ஜெல்லிபிஷ்’ (jellyfish) என்ற பொதியின் பெயரில், சிறிய ‘எல்’ எழுத்து ஒன்றுக்குப் பதிலாகப் பெரிய ‘ஐ’ எழுத்தை இட்டு உருவாக்கப்பட்ட போலிப் பொதி, எஸ்எஸ்எச், ஜிபிஜி இரகசியத் திறவுகோல்களைத் திருடுவது கண்டறியப்பட்டு 2019 டிசெம்பரில் பைபிஐ (PyPI) பொதிக் களஞ்சியத்திலிருந்து அகற்றப்பட்டது. வட்ஸ்அப்பில் வந்த கட்டளையை ஒட்டும் பழக்கம் இத்தகைய போலிகளுக்கு வசதியானது.

அறிக்கை கிடைத்த பிறகும் கவனம் வேண்டும். பாண்டிட் ஒவ்வொரு குறையோடும் அந்த நிரல் வரிகளையும் சேர்த்தே அச்சிடுகிறது; ஆகவே நிரலில் இருந்த கடவுச்சொல் இப்போது அறிக்கையிலும் இருக்கிறது. அதைக் குழுவில் பகிர்வதும் கிட்ஹப்பில் ஏற்றுவதும் அந்தக் கடவுச்சொல்லையே வெளியிடுவதாகும். ஏற்கெனவே ஏற்றிய கோப்பில் கடவுச்சொல் இருந்தது தெரியவந்தால், வரியை அழிப்பது போதாது, பழைய மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

இந்த இரண்டு கருவிகளும் உங்கள் சொந்த நிரலோடு நிற்பவை. ஸ்கேபி, என்மேப் போன்ற வலையமைப்புக் கருவிகளை அடுத்ததாகச் சேர்க்க விரும்பினால், எழுத்தில் அனுமதி பெறாத எந்த அலுவலகத்தின் வலையமைப்பையும் நோக்கி அவற்றைத் திருப்பாதீர்கள். அனுமதியற்ற அணுகல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் குற்றமாகும்.

பாண்டிட்டின் முடிவு நிரல் மாறும்போதுதான் பெரும்பாலும் மாறும். பிப்-ஓடிட்டின் முடிவோ நிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே மாறக்கூடும், ஏனெனில் பலவீனங்களின் பட்டியலில் புதியவை சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அதனால் அதன் அறிக்கையின் தலைப்பில் ஓட்டிய திகதியையும் பைதன் பதிப்பையும் எழுதிவையுங்கள். இணையம் கிடைக்கும் ஒரு நாளை வாரந்தோறும் அதற்கென ஒதுக்கி மறுபடி ஓட்டுங்கள். நிரலைச் சங்கத்திடம் கையளித்துவிட்டு வெளியூர் போகிறவராக இருந்தால், அந்த ஓட்டத்தைச் செய்யத் தெரிந்த ஒருவரை அங்கேயே பழக்கிவிட்டுப் போங்கள்.