படகு லைட் மங்கினால் பேட்டரியை மாற்றும் முன்: வோல்ட், ஆம்ப்ஸ், ஓம்ஸ் கணக்கு

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் நாட்டுப்படகில் லைட் மங்கினால் முதலில் பழி விழுவது பேட்டரி மேல்தான். பல நேரம் குற்றவாளி, உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு ஏறிய ஒரு இணைப்பு.

கணக்கு இரண்டே வரி. வோல்ட்டை ஆம்ப்ஸால் வகுத்தால் ஓம்ஸ், அதாவது மின்தடை. வோல்ட்டை ஆம்ப்ஸால் பெருக்கினால் வாட்ஸ், அதாவது திறன்.

மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து நேரடியாக அளக்கலாமே என்றால், இந்த வேலைக்கு அது உதவாது. கெட்ட இணைப்பின் தடை 0.2 ஓம் அளவுதான் இருக்கும். சாதாரண மீட்டரின் வயர்களே அவ்வளவு காட்டும். ஹாலஜன் பல்பையும் அப்படி அளக்க முடியாது. இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே லைட்டை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

12 வோல்ட், 55 வாட் ஹாலஜன் லைட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேட்டரி முனைகளில் 12.4 வோல்ட், பல்பின் முனைகளில் 10.6 வோல்ட் என்று வைப்போம். கரண்ட்டை அளக்க லைட்டை அணைத்து, ஒரு வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரைத் தொடராகச் சேர்க்க வேண்டும். மீட்டரின் சிவப்பு வயர் 10 ஆம்ப்ஸ் துளையில் இருக்கட்டும். அளவு 4.3 ஆம்ப்ஸ். முடிந்ததும் அந்த வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் பேட்டரி முனைகளில் வைத்தால் ஷார்ட்தான். வயரைக் கழற்றாமல் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் என்றால் டிசி அளப்பதாக இருக்க வேண்டும்.

பல்புக்குக் கிடைப்பது 10.6 × 4.3 = 45.6 வாட். பேட்டரி கொடுப்பது 53.3 வாட். வழியில் 7.7 வாட் வெறும் சூடாகப் போகிறது. வழியில் விழுந்த 1.8 வோல்ட்டை 4.3 ஆல் வகுத்தால் 0.42 ஓம்.

இதில் வயரின் பங்கு எவ்வளவு? 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.008 ஓம். லைட் 8 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 16 மீட்டர், 0.13 ஓம். மீதி 0.29 ஓம் இணைப்புகளில் ஒளிந்திருக்கிறது.

எங்கே என்று பிடிப்பது சுலபம். லைட் எரியட்டும், மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு இணைப்பின் இருபுறமும் முனைகளை வையுங்கள். நல்ல இணைப்பு 0.1 வோல்ட்டுக்குள் காட்டும். ஃபியூஸ் ஹோல்டரில் 0.9 வோல்ட் வந்தால் அதன் தடை 0.21 ஓம், சூடு 3.9 வாட். அந்தச் சின்ன பிளாஸ்டிக் உருகுவதற்கு இது போதும்.

சரிசெய்யும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். உறைக்குள் செம்பு கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டியெறியுங்கள். கறுத்ததை உப்புத்தாளால் தேய்த்து ஒப்பேற்றினால் சீக்கிரமே திரும்பவும் மங்கும். வெள்ளீயம் பூசிய லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) கருவியால் நசுக்கிக் கிரிம்ப் செய்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கடலோரத்தில் வேண்டவே வேண்டாம்: டேப்புக்குள் உப்பு ஈரம் தங்கிவிடும்.

எல்இடி லைட்டில் வாட்ஸ் பெருக்கல் சரிவரும், ஆனால் வகுத்து வரும் ஓம்ஸை நம்பாதீர்கள். உள்ளே டிரைவர் (கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சின்ன சர்க்யூட்) இருந்தால் வோல்ட் குறையும்போது கரண்ட் கூடக்கூடும். வீட்டு 230 வோல்ட்டில் அயர்ன் பாக்ஸுக்கு இதே கணக்கு பொருந்தும்: 750 வாட் என்றால் 3.26 ஆம்ப்ஸ், 70.5 ஓம். தண்ணீர் மோட்டாருக்கு வாட்ஸ் கண்டுபிடிக்க, பவர் ஃபேக்டர் என்ற, ஒன்றுக்குக் குறைவான எண்ணையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். வீட்டு லைனில் கரண்ட் ஓடும்போது இணைப்புகளில் முனை வைத்துத் தேடுவதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.