கான்சினேட்: ஒரு அபூர்வ வினைச்சொல்லை வசப்படுத்தும் வழி

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுத் திண்ணையில் ஆங்கில ட்யூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், ரேஷன் கடையிலும் வில்லேஜ் ஆபீஸிலும் மலையாளம், பரீட்சைக்கு ஆங்கிலம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் ஒருநாள் சொற்பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து, "டீச்சர், இதை எப்படி வாசிக்கறது?" என்று கேட்டாள். சி, ஓ, என், சி, ஐ, என், என், ஏ, டி, இ. பக்கத்தில் 'இசைவாக்குதல்' என்று ஒற்றைச் சொல்லில் பொருள். இருபது தடவை எழுதிப் பார்த்தாளாம், மறுநாள் காலையில் நினைவில் இல்லையாம். வாயில் நுழையாத சொல், யாரும் பேசிக் கேட்காத சொல், எப்படி நிற்கும்? அவளோடு உட்கார்ந்து அந்தச் சொல்லைப் படித்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாய்க்குப் பழக்க வேண்டும். நாம் 'கன்சின்னேட்' என்று னகரத்தை அழுத்தித்தான் படிப்போம், ஏனென்றால் நமக்கு 'கனி' வேறு, 'கன்னி' வேறு. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் இரட்டை எழுத்து வந்தாலும் ஒலி பெரும்பாலும் ஒற்றைதான். இரண்டு 'சி' இருக்கிறதே என்றால், முதலாவதற்குப் பின் 'ஓ' வருவதால் ககரம், இரண்டாவதற்குப் பின் 'ஐ' வருவதால் சகரம். அழுத்தம் முதல் அசையில். கான்-சி-நேட். கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை சத்தமாகச் சொல்லுங்கள். எழுதிப் பார்ப்பது அதற்கு அப்புறம்.

அடுத்தது குடும்பம். இந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'கான்கின்னுஸ்' என்றால் அழகாக, கச்சிதமாகச் சேர்க்கப்பட்டது என்று பொருள். ரோமானியப் பேச்சாளர் சிசரோ கி.மு. 46-இல் பேச்சுக்கலை பற்றி எழுதும்போது, தொடர்கள் ஒன்றுக்கொன்று அளவொத்து நிற்கும் அழகை இதே குடும்பத்துப் பெயர்ச்சொல்லால்தான் சொன்னார். அந்தப் பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் 'கன்சினிட்டி'. அதில் அழுத்தம் இரண்டாவது அசைக்கு நகர்ந்துவிடும், கவனம். வினைச்சொல்லை அச்சில் பார்ப்பது அரிது. இலக்கியம், கட்டடக்கலை பற்றிய கட்டுரைகளில் பெயர்ச்சொல் இன்னும் தலைகாட்டுகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பொருள் பிடிபட்டது பூக்களத்தில்தான். ஓணத்துக்கு அவள் படித்த பள்ளியில் பூக்களம் போட்டிருக்கிறாள். செண்டுமல்லி எங்கே, வாடாமல்லி எங்கே, தும்பை எங்கே என்று ஒவ்வொரு வட்டமாக நிரப்பிக்கொண்டு போவார்கள். கடைசியில் ஒரு பிடி பூவை எடுத்தாலும் கெட்டுவிடும், ஒரு பிடி கூட்டினாலும் கெட்டுவிடும் என்ற நிலை வரும். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட்டி கட்டடங்களின் அழகைப் பற்றிச் சொன்னதும் இதுதான்: எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ முடியாதபடி உறுப்புகள் எல்லாம் பொருந்தி நிற்பது. அவர் அதற்கு வைத்த பெயரும் இந்தக் குடும்பத்துச் சொல்லேதான். "அப்ப பூவை நிரப்பறதுதான் கான்சினேட்டா டீச்சர்?" என்றாள். நிரப்புவது இல்லை கண்ணு, அந்த நிலைக்கு வருகிற மாதிரி சேர்ப்பது என்றேன். அதற்கப்புறம் பொருளை அவள் மறக்கவே இல்லை.

இனி இலக்கணம். என் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழில் பொருந்து வேறு, பொருத்து வேறு. இணங்கு வேறு, இணக்கு வேறு. மெல்லினம் வல்லினமாக மாறியதுமே தானாக நடப்பது போய், ஒருவர் நடத்துவது வந்துவிடுகிறது. மலையாளத்திலும் இணக்குக என்ற வினை உண்டு. இணக்கமும் பிணக்கமும் என்று அவர்கள் ஜோடியாகச் சொல்வதை நம் பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் இப்படி எழுத்து மாறிக் காட்டிக்கொடுக்காது. 'ஹார்மனைஸ்' என்ற ஒரே சொல், குரல்கள் தாமாக இசைவதற்கும் வரும், நாம் இசைவிப்பதற்கும் வரும். அகராதியில் 'இசைதல்' என்று மட்டும் பார்த்துவிட்டு எழுதினால் பாதிக்குப் பாதி தப்பாகப் போகும்.

கான்சினேட் பிறவினைப் பக்கத்துச் சொல். செய்கிற ஆள் வேண்டும், செய்யப்படும் பொருளும் வேண்டும். அதனால் அதற்கு நேரான தமிழ் இணக்கு அல்லது இசைவுறப் பொருத்து. இணங்கு இல்லை. 'எங்கள் இரண்டு பேர் கருத்தும் கான்சினேட் ஆகிறது' என்று எழுதினால் தப்பு. 'ஆசிரியர் மூன்று கட்டுரைகளையும் ஒரே நூலாகக் கான்சினேட் செய்தார்' என்றால் சரி. எந்தப் புது ஆங்கில வினை வந்தாலும் "யார்? எதை?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் விடை வேண்டும் என்றால் நோட்டில் சொல்லுக்குப் பக்கத்தில் 'இணக்கு' என்று எழுதுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் விடை போதும் என்றால் 'இணங்கு'. எங்கள் திண்ணையில் இதுதான் அடையாளம்.

பக்கத்து வீட்டுச் சொற்களோடு ஒப்பிட்டும் பார்க்க வேண்டும். சண்டை போட்ட இரண்டு பேரைச் சேர்த்துவைப்பதும், பாஸ்புக்கையும் வீட்டுக் கணக்கையும் ஒப்பிட்டு நேராக்குவதும் 'ரெக்கன்சைல்'. காதையோ மனதையோ ஒன்றுக்குப் பழக்குவது 'அட்யூன்'. அதற்குள் 'ட்யூன்', அதாவது சுருதி, இருக்கிறது. சட்டங்களையும் வரிப் பட்டியல்களையும் ஒரே முறைக்குக் கொண்டுவருவது 'ஹார்மனைஸ்'. கடை பில்லில் ஹெச்எஸ்என் என்று ஒரு எண் பார்த்திருப்பீர்கள். அதன் முதல் எழுத்து இந்தச் சொல்தான். உலக நாடுகள் சரக்குகளுக்குப் பொதுவாக வைத்த எண் முறை அது, 1988 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஹார்மனியின் வேர் கிரேக்கத்தில் மூட்டு, இணைப்பு என்று பொருள்படும் சொல். ஆசாரி கட்டையோடு கட்டையைச் சேர்க்கிறாரே, அந்த மூட்டு. இத்தனை பேருக்கு நடுவில் கான்சினேட்டின் இடம், துண்டுகளைக் கலைநயத்தோடு அடுக்கிச் சேர்ப்பது மட்டும்தான்.

அந்த இடத்தை மறந்து நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பெயர் ஒரு பெரிய பாடு. ரேஷன் கார்டில் மலையாள உச்சரிப்பில் ஒரு மாதிரி இருக்கும். எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் நிற்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்ந்தால் அதே இனிஷியல் முன்னால் வந்துவிடும். என்னிடம் படித்த ஒரு பையனுக்கு இப்படி மூன்று காகிதத்தில் மூன்று பெயர். ஆங்கிலத்தில் மனு எழுதித் தரச் சொன்னான். அப்போதுதான் இந்தச் சொல்லைப் படித்திருந்த உற்சாகத்தில், என் ஆவணங்களைக் கான்சினேட் செய்து தரவும் என்று எழுதிவிட்டேன். அலுவலகத்தில் வாங்கிப் பார்த்தவருக்கு என்ன கேட்கிறோம் என்றே புரியவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார். அவன் அம்மா கூலி வேலையை விட்டுவிட்டுக் கூடப் போயிருந்தார். அந்த ஒரு நாள் கூலி போனது என்னால். இப்போதும் எனக்கு அது மனதில் உறுத்துகிறது.

அந்த வேலைக்குக் கேரளத்தில் பெயரே இருக்கிறது: 'ஒன் அண்ட் த சேம்' சான்றிதழ். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று வருவாய்த்துறை தருவது. அரசு இணையச் சேவைகளுக்கான அட்சயா மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மறுநாள் நான்கு எளிய சொற்களில் மனுவைத் திருப்பி எழுதிக் கொடுத்தேன், வேலை நடந்தது. அதிலிருந்து என் பிள்ளைகளின் நோட்டில் ஒவ்வொரு அபூர்வ சொல்லுக்கும் கீழே இரண்டு வரி உண்டு: 'எங்கே எழுதலாம்', 'எங்கே எழுதக்கூடாது'. கான்சினேட்டுக்கு முதல் வரியில் கலை, நடை, கட்டடம் பற்றிய கட்டுரை. இரண்டாவதில் மனு, வேலை விண்ணப்பம், நேர்முகத் தேர்வு.

மீதி எல்லாம் பழக்கம்தான். சொந்த வாழ்க்கையிலிருந்து மூன்று வாக்கியம் எழுதுங்கள். பூக்களம் ஒன்று, கல்யாண வீட்டு மேடை அலங்காரம் ஒன்று, நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்று. மூன்றிலும் யார், எதை என்று அடிக்கோடு போடுங்கள். மறுநாள் நோட்டை மூடிவிட்டு அந்த வாக்கியங்களை வாயால் சொல்லுங்கள், அப்புறம் மூன்று நாள் விட்டு, அப்புறம் ஒரு வாரம் விட்டு. ஒரே ராத்திரியில் இருபது தடவை எழுதுவதைவிட இப்படி இடைவெளி விட்டு நினைவுகூர்வது நிற்கும்.

அந்தப் பெண் ஒரு வாரம் கழித்து வந்தபோது நான் சொல்லைக் கேட்கவில்லை. அவள் பையிலிருந்த பூச்சரத்தைக் காட்டி, "இதைக் கட்டினவங்க என்ன செய்தாங்க, ஆங்கிலத்துல சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க அம்மா கட்டினது டீச்சர்" என்று சொல்லி, அம்மாவை முன்னால் வைத்து, பூக்களைப் பின்னால் வைத்து, நடுவில் கான்சினேட்டட் என்றாள். னகரம் ஒற்றையாகத்தான் வந்தது.