மொய் நோட்டில் ஏறாத உதவிகள்

நம் வீடுகளில் 'நன்றி' என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். சோறு போட்ட அம்மாவிடம் நன்றி சொல்லிப் பாருங்கள், "என்னடா, உடம்புக்கு முடியலையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். மேடைக்கும் அழைப்பிதழுக்கும் வாட்ஸ்அப் கும்பிடுக்கும் உரிய சொல்லாக அது ஆகிவிட்டது. அதற்காக நமக்கு நன்றி கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சாம்பார் வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக் கூசி, நாலு எலுமிச்சம்பழமாவது போட்டுக் கொடுக்கிற ஆட்கள் நாம். 20 வருஷத்துக்கு முன் கல்யாணத்தில் வந்த 101 ரூபாயை நோட்டைப் புரட்டிக் கண்டுபிடித்து, கூடக் கொஞ்சம் வைத்துத் திருப்பிச் செய்கிறவர்கள். அதனால் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டியதில்லை, இருக்கிற பழக்கத்தையே கொஞ்சம் நீட்டினால் போதும்.

முதல் வேலை, ஒரு மொய் நோட்டு போடுங்கள். பணத்துக்கு இல்லை. 40 பக்க நோட்டு ஒன்று வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு யாராவது உங்களுக்குச் செய்த ஒரு காரியத்தை மொய் எழுதுகிற மாதிரியே எழுதுங்கள்: யார், எந்த ஊர் அல்லது எந்த இடம், என்ன செய்தார். மூன்றும் இருக்க வேண்டும். "இன்று எல்லோரும் அன்பாக இருந்தார்கள்" என்று எழுதுவது, யாரோ வந்தார், ஏதோ கொடுத்தார் என்று மொய் எழுதுவதற்குச் சமம். என் நோட்டில் போன வாரத்து வரி ஒன்று இப்படி இருக்கிறது: "பச்சைப் புடவை அம்மா, டவுன் பஸ், நான் கேட்காமலே பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், இறங்கும்போது ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தார்." பெயர் தெரியாதவர்கள்தான் என் நோட்டில் அதிகம். பரவாயில்லை, அடையாளம் எழுதினால் போதும். முதல் நாலைந்து நாள் எழுத ஒன்றும் இருக்காது, பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அப்புறம் ராத்திரி எழுத வேண்டுமே என்பதற்காகவே பகலில் கண் தானாகத் தேட ஆரம்பிக்கும்.

ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. நீங்கள் பிறருக்குச் செய்ததை அதில் எழுதாதீர்கள். எழுதினால் அது வரவு செலவாகிவிடும். "நான் 500 வைத்தேன், அவன் 200 தான் வைத்தான்" என்று மொய்க்காகப் பேச்சு வார்த்தை நின்றுபோன குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, நோட்டில் எழுதினால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? சொல்லத்தான் வேண்டும், ஆனால் 'நன்றி' என்ற சொல் வாயில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். பதிலாக, அந்த உதவி என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். "அன்னிக்கு நீங்க சொன்ன டாக்டர்கிட்டதான் போனோம், அப்பா இப்ப தெருமுனை வரைக்கும் நடக்கிறார்." "நீங்க தைச்சுக் கொடுத்த பை இன்னும் ஒரு நூல் பிரியலைண்ணே." உதவி செய்தவர்களுக்குப் பெரும்பாலும் கதையின் பாதிதான் தெரியும். வேலைக்குச் சிபாரிசு செய்தவர், கணக்குச் சொல்லிக்கொடுத்த டியூஷன் அக்கா, யாருக்கும் மீதிக் கதையை நாம் சொல்லியிருக்க மாட்டோம். ஒரு போன் போட்டு அதைச் சொல்லிவிடுங்கள், இரண்டு நிமிஷ வேலை. குறளின் 11ஆம் அதிகாரத்துக்கு 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். அங்கே நன்றி என்பது நமக்குச் செய்யப்பட்ட நன்மைதான், நாம் பதிலுக்குச் சொல்கிற சொல் இல்லை. நம் பங்கு அந்த 'அறிதல்' மட்டும்.

இனி நாம் செய்கிற பக்கம். இதற்கு எனக்கு வாத்தியார் சுமைதாங்கிக் கல். பழைய சாலையோரங்களில் இன்னும் சில இடங்களில் நிற்கிறது, இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வைத்தவை பல. தலைச்சுமையோடு நடந்து வருகிறவருக்குச் சுமையைக் கீழே இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும், பாதி வழியில் ஆளுக்கு எங்கே போவது? அதனால் குனியவும் வேண்டாம், யாரையும் கூப்பிடவும் வேண்டாம் என்கிற உயரத்தில் அந்தக் கல். எல்லாச் சூட்சுமமும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. மாட்டுக்கு முதுகு அரித்தால் உரசிக்கொள்ள ஆவுரிஞ்சுக் கல் நட்டவர்கள், மாட்டின் உயரத்தையும் பார்த்துத்தானே நட்டிருப்பார்கள்.

அந்தக் கண்ணோடு உங்கள் வீட்டு வாசலைப் பாருங்கள். கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, காலிச் சிலிண்டரின் எடையையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. அதைத் தோளில் வைத்து மூன்றாம் மாடி ஏறி வந்தவரை நிற்க வைத்துவிட்டு போனைத் தேடுவது, டெலிவரிக்குச் சொல்ல வேண்டிய கோடு நம்பர் எங்கே வந்தது என்று மெசேஜைத் தடவுவது, சில்லறைக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது, இதெல்லாம் வேண்டாம். காலிச் சிலிண்டரை முந்தின நாளே வாசலுக்கு நகர்த்திவிடுங்கள், டெலிவரி கோடை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள், பணத்தை எண்ணி வையுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் போடுகிற தம்பிக்கும் இதேதான்.

அப்புறம் தண்ணீர் கொடுக்கும்போது வீட்டில் எல்லோரும் குடிக்கிற டம்ளரில் கொடுங்கள். வேலைக்கு வருகிறவர்களுக்கென்று தனி டம்ளரை ஒரு ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கிற வீடுகள் இன்னும் உண்டு. அப்படி வைத்துக்கொண்டு மற்ற எதைச் செய்தாலும் வீண் என்பது என் கட்சி.

குப்பையில் உடைந்த கண்ணாடியை அப்படியே போடாதீர்கள். அட்டைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதுங்கள். நாப்கின், டயப்பரைப் பொட்டலமாகக் கட்டித்தான் தர வேண்டும் என்று திடக்கழிவு விதிகளிலேயே இருக்கிறது. தரம் பிரிப்பது பல இடங்களில் வெறும் கைதான்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர்கள் உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தினார்கள். ஆனால் எதிரே நாம் நின்றுகொண்டிருந்தால் அந்தப் பெண் எப்படி உட்காருவார்? சும்மா பார்க்க வந்திருந்தால் 30 புடவையைப் பிரிக்கச் சொல்லாமல், "நீங்க உட்காருங்கம்மா, தேவைப்பட்டா கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு அடுக்கைப் பாருங்கள்.

உயரம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையே இருக்கிறது. எங்கள் குடியிருப்பின் இரவு வாட்ச்மேனுக்கு நாலு தீபாவளிக்குத் தொடர்ந்து ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தேன், ஒவ்வொரு தடவையும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார். ஐந்தாவது வருஷம் பெட்டியை நீட்டியபோது, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி, "எனக்குச் சுகர் சார், பேத்திக்குக் கொண்டு போறேன்" என்றார். நாலு வருஷமாக எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. வேறு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "ராத்திரி போன் சார்ஜ் போட இங்க ஒரு பிளக் பாயிண்ட் இருந்தா நல்லாருக்கும் சார்" என்றார். எலக்ட்ரீஷியன் வந்து அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போனார். ஸ்வீட் பாக்ஸை விடச் செலவு குறைவு. அதனால், செய்வதற்கு முன் கேளுங்கள், அதுவும் நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்காதீர்கள்.

வாங்கிக்கொள்ளவும் பழக வேண்டும். டீக்கடையில் நண்பர் காசு கொடுக்கப் போனால் கையைப் பிடித்து மல்லுக்கட்டாமல், ஒரு தடவை "வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள், அடுத்த டீ உங்களுடையது.

கடைசியாக, சமையலறை அலமாரியைத் திறந்து அடுத்த வீட்டுப் பாத்திரம் ஏதாவது தங்கிவிட்டதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மேல்வீட்டு அக்காவின் டிபன் பாக்ஸ் மூன்று மாதமாகக் கிடக்கிறது, எதைப் போட்டுத் தருவது என்று யோசித்தே நாள் ஓடிவிட்டது. கீழே முருங்கை காய்த்திருக்கிறது. பாக்ஸில் அடங்காது, நாலு காயை ஒடித்து அதன் மேலேயே வைத்துக் கொடுத்துவிடப் போகிறேன்.