பின் ஷொக் மாற்றப் போகிறீர்களா? காசை வீணாக்கும் பிழைகள்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்த ஒரு பின்னேரம், என் ஹீரோ ஸ்பிளெண்டர் மோட்டார் சைக்கிளின் ஹாண்டில் கைக்குள் நிற்காமல் அலைந்தது. பன்னிரண்டு வருடமாக ஓடும் வண்டி. அந்தப் பாலத்தில் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. பாலம் முடியும்வரை நாற்பதுக்கு மேல் போகத் துணிவு வரவில்லை. வீட்டுக்கு வந்து பெரிய ஸ்ராண்டில் ஏற்றினால், பின்சில்லு நிலத்தைவிட்டு எழும்பவேயில்லை. மூன்று நாளைக்கு முன்பு ஆசையாகப் பூட்டிய, சிவப்புக் குப்பி வைத்த புது ஷொக் (குழியில் விழும் அடியைத் தாங்கும் ஷொக் அப்சோர்பர்) இரண்டும் பழையதைவிட இரண்டு சென்ரிமீற்றர் நீளம் என்பது அப்போதுதான் உறைத்தது. அளக்காமல் வாங்கியிருந்தேன்.

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, 2025 வரை இங்கே புது மோட்டார் சைக்கிள் என்பது எட்டாத பொருளாக இருந்தது. இருந்த வண்டியையே திருத்தித் திருத்தி ஓடினோம். அதனால் இன்றைக்குக் குடாநாட்டு வீதிகளில் பத்து, பதினைந்து வயது வண்டிகள் ஏராளம். எஞ்சின் நன்றாக இருக்கும், பின்பக்கம் மட்டும் குழிக்குக் குழி இடிக்கும். சின்னச் செலவில் ஷொக்கை மாற்றிவிடலாம் என்று நினைப்பது நியாயமானதுதான். ஆனால் அந்தச் சின்னச் செலவே இரண்டு தடவை, மூன்று தடவை என்று ஆகிவிடுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஷொக்கில் பிழையே இல்லாமல் ஷொக் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய வீண்செலவு. உரும்பிராயில் நான் வழக்கமாகப் போகும் கராஜில் ஒருநாள், ஒரு பெடியன் தன் பஜாஜ் டிஸ்கவர் வண்டியைக் கொண்டுவந்து “அண்ணை, பின்னாலை கல்லு மாதிரி அடிக்குது, ஷொக் மாத்தோணும்” என்றான். மெக்கானிக் ஷொக்கைத் தொடவே இல்லை. பின் ரயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்கு எத்தினை காத்து அடிச்சனீர்?” என்று கேட்டார். அளந்தால் ஐம்பது பி.எஸ்.ஐ. காற்றைக் குறைத்து ஒழுங்கையில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

காற்றுக்கு அடுத்தது புஷ், அதாவது அசையும் மூட்டுகளுக்குள் இருக்கும் குழல் போன்ற துண்டு. வண்டியைப் பெரிய ஸ்ராண்டில் விட்டு, பின்சில்லைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆட்டம் இருந்தால் சுவிங் ஆர்ம் (பின்சில்லைப் பிடித்து ஏறி இறங்கும் கை) புஷ்ஷோ சில்லு பெயரிங்கோ தேய்ந்திருக்கிறது. எவ்வளவு விலையான ஷொக் பூட்டினாலும் அந்த ஆட்டம் போகாது. ஷொக்கை வண்டியில் பூட்டும் மேல், கீழ்த் துவாரங்களான இரண்டு கண்களிலும் உள்ள றப்பர் புஷ் வெடித்திருந்தாலும் சத்தம் வரும். ஷொக்கோடு ஒப்பிட்டால் றப்பரின் விலை ஒன்றுமே இல்லை.

ஷொக் உண்மையில் செத்துவிட்டதா என்று பார்ப்பதும் சுலபம். நடுத்தண்டில் ஒயில் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சீற்றின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் நன்றாக அமத்திச் சட்டென்று விடுங்கள். நல்ல ஷொக் ஒரு சீராக எழும்பி அங்கேயே நிற்கும். இரண்டு மூன்று தரம் துள்ளினால் உள்ளே ஒயில் வேலை செய்யவில்லை. அப்போதுதான் காசை எடுக்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது? கடையில் ஷொக்கைக் கையில் எடுத்தவுடன் எல்லோரும் செய்வது, நிலத்தில் ஊன்றி அழுத்திப் பார்த்து, “நல்ல இறுக்கமா இருக்கு” என்று திருப்திப்படுவது. இறுக்கம் ஸ்பிரிங்கின் குணம். வெளியே தெரியும் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது, உள்ளே இருக்கும் ஒயில் அந்த ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குகிறது. ஷொக் பழுதாகிறது என்றால் பெரும்பாலும் அந்த அடக்கும் வேலைதான் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மருந்தாக இன்னும் கடினமான ஸ்பிரிங் வாங்கினால், குழியில் விழுந்த அடி நேரே முதுகுக்கு வரும், சில்லும் நிலத்தில் ஒட்டாமல் குதிக்கும். மலிவு ஷொக் செய்பவர்கள் ஸ்பிரிங்கைக் கனமாகப் போட்டு ஒயில் பகுதியில்தான் காசை மிச்சம் பிடிப்பார்கள். கடையில் பார்க்க வேண்டியது எவ்வளவு இறுக்கம் என்பதை அல்ல. அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் எவ்வளவு நிதானமாகத் திரும்பி வருகிறது என்பதைத்தான்.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு தவறான எண்ணம், ஸ்பிரிங்கின் கீழே படிப்படியாகத் திருப்பக்கூடிய படிவளையத்தைத் திருப்பினால் ஷொக் கடினமாகும் என்பது. அதைத் திருப்புவதால் ஸ்பிரிங்கின் பலம் கூடுவதில்லை. ஸ்பிரிங் முன்கூட்டியே கொஞ்சம் அமுங்கி நிற்பதால் வண்டி உயர்ந்து நிற்கும், அவ்வளவுதான். எந்தப் படியில் விடுவது என்பதை ஊகிக்கவும் தேவையில்லை, ஒரு அளவுநாடா போதும்.

வண்டியைப் பெரிய ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லு அந்தரத்தில் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே சீற்றின் விளிம்பில் ஒரு புள்ளிவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்ராண்டை எடுத்து, நீங்கள் வழமையாக ஓடும் உடையோடு ஏறி இருந்து, வீட்டில் யாரையாவது அதே இரண்டு புள்ளிகளுக்கிடையே அளக்கச் சொல்லுங்கள். எனக்கு மகள்தான் நாடா பிடித்தாள். “அப்பா, ஆடாமல் இருங்கோ” என்று இரண்டு தரம் அதட்டிவிட்டு அளவைச் சொன்னாள். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், நீங்கள் ஏறியதும் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று வரும். சில்லின் மொத்த ஏற்ற இறக்கத்தில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அது இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் ஏறி இறங்கும் சாதாரண வண்டியில் 25இலிருந்து 33 மில்லிமீற்றர். கடைசிப் படிவரை திருப்பியும் அதைவிட நிறைய இறங்கினால் ஸ்பிரிங் உங்களுக்குப் பலம் போதாது. முதல் படியிலேயே பத்துப் பதினைந்துதான் இறங்குகிறதென்றால் அது உங்களுக்கு அளவுக்கு மிஞ்சிய ஸ்பிரிங்.

இந்த அளவை உங்கள் உண்மையான பாரத்தோடு எடுப்பது முக்கியம். காலையில் சுன்னாகம் சந்தைக்கு ஐம்பது கிலோ மூட்டை கட்டிக்கொண்டு போகிறவருக்கும், வேலைக்குத் தனியாகப் போய்வருகிறவருக்கும் ஒரே ஷொக் சரிவராது. மூட்டை ஏற்றும் நாளில் படியைக் கூட்டி, மற்ற நாளில் குறைத்துவிடுங்கள். படிவளையத்தைத் திருப்பும் கொக்கி ஸ்பனர் தொலைந்துபோய்விட்டது என்று ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் அடித்து வளையத்தின் பல்லை உடைக்காதீர்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன். இரட்டை ஷொக் வண்டிகளில் மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவரை உள்ள தூரம்தான் ஷொக்கின் நீளம். இது வண்டிக்கு வண்டி மாறும். பின்பக்கம் உயர்ந்தால் முன்சில்லைப் பிடித்திருக்கும் கவை நிமிர்ந்துவிடும். அப்போது ஹாண்டில் சுருக்காகத் திரும்பும், வேகத்திலும் காற்றிலும் நிலைகொள்ளாது. பாலத்தில் எனக்கு நடந்தது அதுதான். இதைவிட, செயினின் கோணம் மாறும், சைட் ஸ்ராண்டில் வண்டி அதிகம் சாயும், இரவில் லைற் கீழே பார்க்கும். நீளம் குறைந்தாலோ, ஆள் ஏறியதும் ரயர் மட்காட்டில் உரசும். நீளம் சரியாக இருந்தும் கண்ணின் துவாரம் ஒத்துவராமல் போகலாம். 10, 12, 14 மில்லிமீற்றர் என்று பல அளவு உண்டு. பெரிய துவாரத்துக்குள் தகரத்தைச் சுருட்டி அடைத்துப் பூட்டுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். பழைய ஷொக்கில் ஒன்றைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

ஒற்றை ஷொக் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ஷொக் கொஞ்சம் அசைந்தாலே சில்லு இரண்டு, மூன்று மடங்கு அசையும். 10 மில்லிமீற்றர் நீளக் கூடுதல் சில்லில் 20, 30 ஆகிவிடும். வேறு வண்டியின் ஒற்றை ஷொக்கைக் கொண்டுவந்து பரிசோதனை செய்யும் இடம் அது இல்லை.

குப்பி பற்றியும் சொல்ல வேண்டும். 2000களின் நடுப்பகுதியில் பஜாஜ் பல்சரில் காஸ் ஷொக் வந்ததிலிருந்து, பக்கத்தில் குப்பி இருந்தால் நல்ல ஷொக் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. உண்மையான குப்பிக்குள் அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். ஒயில் சூடாகி நுரைக்காமல் அது பார்த்துக்கொள்ளும். நான் வாங்கியதைப் பிறகு கழற்றிப் பார்த்தபோது குப்பி வெறும் அலுமினியக் கட்டை. ஷொக்குக்கும் அதற்கும் இடையில் ஒரு துவாரம்கூட இல்லை.

கையில் காசு குறைவென்றால் என் முடிவு இதுதான்: உங்கள் வண்டிக்கே உரிய கொம்பனி ஷொக் ஒரு சோடி வாங்குங்கள். ஹீரோவுக்கு முஞ்சால் ஷோவா, பஜாஜுக்கு என்டியூரன்ஸ் போன்ற நிறுவனங்கள்தான் வண்டியோடு வரும் ஷொக்கைச் செய்துகொடுப்பவை. பார்வைக்கு ஒன்றும் விசேஷமாக இருக்காது. ஆனால் பன்னிரண்டு வருடப் பழைய ஷொக்கைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டி ஓடும்போது வண்டி புதிதாகிவிட்டதுபோல இருக்கும். அதற்கும் காசு பற்றாவிட்டால், ஒன்றை மட்டும் இப்போது மாற்றி மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். புதியதும் பழையதும் இரண்டு விதமாக எதிர்த்து நின்றால் சுவிங் ஆர்ம் முறுக்கப்படும். காசு சேரும்வரை காத்திருப்பது நல்லது.

பழைய ஷொக் வாங்குவதானால் தண்டின் பளபளப்பை விரலால் தடவிப் பாருங்கள். ஊர்காவற்றுறை, காரைநகர் பக்கம் ஓடிய வண்டி என்றால் உப்புக்காற்று தண்டில் பொட்டுப் பொட்டாகத் துரு பிடிக்க வைத்திருக்கும். அந்தப் பொட்டு ஒயில் சீலைக் கொஞ்ச நாளிலேயே கிழித்துவிடும்.

ஸ்பிரிங் வளையங்களுக்கிடையே றப்பர்த் துண்டு சொருகுவதும், ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டுவதும் இங்கே சாதாரணமாக நடக்கிறது. இரண்டுமே ஷொக்கின் இயக்கத்தைத் திருடுபவை. அதைவிட ஆபத்தானது, காஸ் ஷொக்கை ஒயில் மாற்றுவதற்கென்று துளைப்பதும் வெல்டிங் வைப்பதும். உள்ளே இருப்பது ரயர்க் காற்றைவிடப் பல மடங்கு அழுத்தம், வெடித்தால் கண், கை போய்விடும். கழித்த ஷொக் என்றாலும் காஸ் உள்ளதை அறுக்கவோ சூடாக்கவோ கூடாது.

பூட்டும் வேலையை வீட்டிலேயே செய்யலாம். பெரிய ஸ்ராண்டில் விட்டு ஒரு பக்கத்தை மட்டும் கழற்றிப் புதியதைப் பூட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். அப்போதுதான் சில்லு கீழே விழாமல், துவாரங்கள் நேராக நிற்கும். வொஷரை விட்டுவிடாதீர்கள். நட்டை மூச்சுப் பிடித்து இறுக்கினால் றப்பர் புஷ் நசுங்கும். படிவளையம் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும். ஒரு கிழமை ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி ஸ்பனர் வைத்துப் பாருங்கள்.

கழற்றிய பழைய சோடியை உடனே இரும்புக்காரரிடம் போட்டுவிடவும் வேண்டாம். பாலத்தில் பயந்த அன்றிரவே நான் பழையதை மறுபடி பூட்டினேன். காசு சேர்த்துக் கொம்பனிச் சோடி வாங்க நான்கு மாதம் ஆனது. அதுவரை, புது றப்பர் புஷ் போட்ட அந்தப் பழைய சோடியோடுதான் வேலணைக்குப் போய்வந்தேன்.