போட்ரம் போறீங்களா, கோட்டைய கடைசியா பாருங்க

துருக்கியில ஏஜியன் கடலோரம் இருக்குற போட்ரமுக்குப் போறவங்க நிறைய பேர் நேரா கோட்டைக்குப் போய் போட்டோ எடுத்துட்டு பீச்சுக்குக் கிளம்பிடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. இதுதான் பழைய ஹாலிகார்னாசஸ், 'வரலாற்றின் தந்தை'ன்னு சொல்ற கிரேக்க எழுத்தாளர் ஹெரோடோடஸ் பொறந்த ஊரு.

வெயில் ஏறுறதுக்குள்ள மலைச்சரிவுல இருக்குற பழைய தியேட்டருக்குப் போயிடுங்க. மேல்படியில உக்காந்தா துறைமுகம் கண்ணு முன்னாடி விரிஞ்சு கிடக்கும். பாரசீகத்துக்குக் கீழ இந்தப் பகுதிய, அதாவது காரியாவ ஆண்ட மாசோலஸ், உள்நாட்டுல இருந்த தலைநகர (இப்போ மிலாஸ்) விட்டுட்டு ஏன் இங்க வந்தார்னு அப்போ கேக்கவே வேணாம்.

அடுத்து கீழ இறங்கி அவரோட கல்லறை. கி.மு. 353ல அவர் இறந்தப்புறம் மனைவி ஆர்ட்டிமிசியா வேலைய நடத்தினாங்க (அவங்க அவருக்குக் கூடப்பொறந்தவங்களும்தான், அந்த ராஜ குடும்பத்துல அப்படி ஒரு வழக்கம்). சுமார் 45 மீட்டர் உயரம், பழைய ஏழு அதிசயங்கள்ல ஒண்ணு, பிரம்மாண்டமான கல்லறைய குறிக்கற மசோலியம்ங்கற வார்த்தையே இவர் பேர்ல இருந்து வந்ததுதான். இப்போ அங்க இருக்குறது ஒரு பெரிய குழியும் தூண் துண்டுகளும். இவ்ளோதானான்னு உடனே வெளிய வந்துடாதீங்க, அங்க கிடக்குற பச்சை நிற எரிமலைக் கல்லையும் வெள்ளை மார்பிளையும் நல்லா மனசுல பதிய வச்சுக்கோங்க, சாயங்காலம் தேவைப்படும்.

நேரம் இருந்தா மேற்குப் பக்கம் பழைய நகர மதிலோட மிண்டோஸ் வாசல், கி.மு. 334ல அலெக்சாண்டர் படை முட்டி மோதின இடம்.

இப்போ கோட்டை. நிலநடுக்கத்துல இடிஞ்ச கல்லறையோட கல்லுங்கள எடுத்துதான் ரோட்ஸ் தீவு நைட்ஸ் (கிறிஸ்தவ போர்வீரத் துறவிகள்) 15ம் நூற்றாண்டுல இத கட்டினாங்க, மார்பிள சுண்ணாம்புக்கு எரிக்கவும் செஞ்சாங்க, எனக்கு அது இன்னைக்கும் மனசு ஆறல. காலையில பார்த்த அதே பச்சைக்கல்ல சுவத்துல தேடுங்க, கிடைக்கும். தப்பிச்ச சிலைகள்ல முக்கியமானத பார்க்கணும்னா லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குத்தான் போகணும்.

கோட்டைக்குள்ளயே கடலடி தொல்லியல் மியூசியம் இருக்கு, டிக்கெட் வாங்கும்போதே எந்த ஹால் திறந்திருக்குன்னு கேட்டுக்கோங்க. உலுபுருன் கப்பலுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. 1982ல ஸ்பாஞ்சு எடுக்க முங்கின ஒருத்தர் கண்ணுல பட்டது, 3,300 வருஷத்துக்கு முன்னாடி முழுகின சரக்குக் கப்பல், சுமார் 10 டன் செம்பு, 1 டன் வெள்ளீயம், அதாவது வெண்கலம் செய்யத் தேவையான அதே விகிதம். கூடவே எகிப்து ராணி நெஃபர்டிட்டி பேர் பொறிச்ச குட்டி தங்க முத்திரை ஒண்ணு இருக்கும், ரொம்ப சின்னது, கிட்ட போய் பாருங்க.