குழந்தைகளோடு மலைப்பக்கம் சைக்கிள் சுற்றுலாவா? தளிக்குப் போங்கள்

குடும்பத்தோடு சைக்கிள் விடுமுறை என்றதும் தர்மபுரி பக்கத்து வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளை நினைக்காதீர்கள். ஏறும்போது பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும். இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்தே வந்தால் ரிம் சூடாகிப் பிடிமானம் குறையும். போகத்தான் வேண்டும் என்றால் சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், மேலே உள்ள ஊர்களுக்கு இடையே மட்டும் ஓட்டுங்கள்.

நிதானமாகச் சுற்ற ஏற்றது தளிதான். ஓசூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மேட்டுநிலம், குளுமையான காற்று. காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டினால் போதும்; மதியத்தைப் பிள்ளைகள் விளையாட விட்டுவிடுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன்: காட்டோரத்தில் கூடாரம் வேண்டவே வேண்டாம். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளில் யானைகள் நடமாடுகின்றன. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ராகி முற்றும் பருவத்தில் யானைகள் வயலுக்கே வந்துவிடும். அனுமதியின்றிக் காப்புக்காட்டில் தங்குவது குற்றமும்கூட. ஊருக்குள், ஆள் குடியிருக்கும் தோட்டவீட்டை ஒட்டி, உரிமையாளரிடம் கேட்டுக் கூடாரம் போடுங்கள். பலாப்பழம், வாழைப்பழம், வெல்லம் எதையும் அதற்குள் வைக்காதீர்கள். மாலை ஐந்து மணிக்குள் எல்லாரும் திரும்பிவிட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் போகிறவர்களுக்குக் கம்பளி அவசியம்.